ஆன்மாவைக் கொடுத்த 7,500 பேர்

2010 ஏப்ரல் 1. பிரிட்டனில் கேம்ஸ்டேஷன்னு ஒரு வீடியோ கேம் கடை. அன்னைக்கு அவங்க ஆன்லைன் விதிமுறைகளில் ஒரு வரி சேர்த்தாங்க: எங்ககிட்ட ஆர்டர் போட்டால் உங்க அழியாத ஆன்மாவை எடுத்துக்கொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. வேண்டாம்னு டிக் பண்ணினால் 5 பவுண்ட் கூப்பன். சுமார் 7,500 பேர் படிக்காமலே ஆன்மாவைக் கொடுத்துட்டாங்கன்னு கடையே பிறகு சொன்னது.

சிரிச்சேன். அப்புறம் என் போனைப் பார்த்தேன். போன வாரம் ஒரு டார்ச் ஆப் போட்டேன். கான்டாக்ட்ஸ் கேட்டுச்சு, 'அலவ்' அழுத்திட்டேன். லைட் எரிய எங்க அம்மா நம்பர் எதுக்கு? அவங்ககிட்ட யாருமே கேட்கலையே!

நம்ம ஊர்ல 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பற்றிப் பேசுது. அதிலேயே ஒரு உதாரணம் இருக்கு. ஆன்லைனில் டாக்டரைப் பார்க்கும் ஒரு ஆப், கான்டாக்ட்ஸையும் கேட்குது. நீங்க ரெண்டுக்கும் சரின்னு சொல்றீங்க. ஆனாலும் சிகிச்சைக்குத் தேவையானதுக்கு மட்டும்தான் அது சம்மதம், கான்டாக்ட்ஸுக்கு செல்லாது. அதாவது, அவசரத்தில் தட்டின விரலுக்கும் சட்டத்தில் ஒரு எல்லை இருக்கு. சம்மதம் கேட்பதைத் தமிழிலேயே படிக்கும் வசதியும் கொடுக்கணும்.

ஆனா 2025 நவம்பரில் விதிகள் வந்தப்போ, நிறுவனங்கள் தயாராக 18 மாச அவகாசம் கொடுத்தாங்க. அதுக்காகக் காத்திருக்காம, செட்டிங்ஸில் பெர்மிஷனை இப்பவே ஆஃப் பண்ணுங்க. நான் பண்ணிட்டேன். ஏற்கனவே போன நம்பர்கள் திரும்பி வருமா? அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.