மொழி மாறினால் எண்ணும் மாறுமா?

பைதனில் எழுதிய ஒரு நிரல், சி மொழியில் எழுதிய ஒரு செயற்கூறை அழைத்து 3 பில்லியன் என்ற எண்ணைக் கொடுக்கிறது. சி அதை -1,294,967,296 என்று படிக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஏன் இப்படி?

பைதன் எழுத எளிது. ஆனால் கனமான கணக்குகளில் மெதுவாக ஓடும். சி வேகமானது. அதனால் வேகம் தேவைப்படும் பகுதியை மட்டும் சி மொழியில் எழுதி, பைதனிலிருந்து அழைப்பது வழக்கம். பைதனோடு சேர்ந்தே வரும் 'சிடைப்ஸ்' என்ற நூலகம் இதற்கு உதவுகிறது.

சிக்கல், இரண்டு மொழிகளும் தரவைச் சேமிக்கும் விதத்தில் இருக்கிறது. பைதனின் முழு எண்ணுக்கு வரம்பு இல்லை. நினைவகம் உள்ளவரை வளரும். சி மொழியின் 'இன்ட்' இன்றைய கணினிகளில் பெரும்பாலும் 32 பிட் கொண்ட பெட்டி. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. பெட்டியின் இடக்கோடி பிட், எண் நேர்மமா எதிர்மமா என்பதைக் காட்டுகிறது. 3 பில்லியனை எழுதும்போது அந்த பிட்டும் 1 ஆகிவிடுவதால், எண் எதிர்மமாகிறது. 3,000,000,000-இலிருந்து, 2-இன் 32ஆம் அடுக்கான 4,294,967,296-ஐக் கழித்துப் பாருங்கள்; மேலே சொன்ன விடையே கிடைக்கும்.

தசம எண்ணிலும் கவனம் தேவை. பைதனின் 0.1-ஐ சி மொழியின் 32 பிட் 'ஃபுளோட்' பெட்டியில் போட்டு மீண்டும் எடுத்தால், 0.10000000149 என்று வரும். 64 பிட் 'டபுள்' பெட்டியில் போட்டால் எதுவும் மாறாது.

எழுத்துகளின் கதை இன்னும் சுவையானது. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைதன் அதை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்தாக எண்ணும். அதையே யுடிஎஃப்-8 முறையில் மாற்றி சி மொழியிடம் கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் நீளம் 15 என்று சொல்லும். ஐந்து பைட் போதும் என்று நினைத்து இடம் ஒதுக்கினால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் போய் எழுதப்படலாம்.

இந்த வகைத் தவறு எவ்வளவு பெரிய சேதத்தை உண்டாக்கும்? 1996 ஜூன் 4-ஆம் தேதி, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் சிதறியது. ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றியபோது, அது 32,767 என்ற வரம்பைத் தாண்டியதே காரணம். அங்கே இரண்டு மொழிகள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே நிரலுக்குள் நடந்த மாற்றம்தான். ஆனால் கோளாறு இதே இனம்.

தப்பிக்க வழி உண்டு. செயற்கூறுக்குப் போகும் ஒவ்வொரு தரவின் வகையையும் முன்கூட்டியே அறிவியுங்கள். திரும்பி வரும் விடையின் வகையையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதை 'இன்ட்' என்றே எடுத்துக்கொள்ளும், வர்க்கமூலம் கேட்டால் பொருளற்ற எண் வரும். அனுப்பும் முன், எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று சோதியுங்கள். 2,147,483,647-ஐயும் அதற்கடுத்த எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். நிரல் எந்த இடத்தில் வழுக்குகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.