கண் நீர் அழுத்த நோய்: விழித்திரையின் எந்தச் செல்கள் அழிகின்றன?

பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், தாம்பரம் பகுதிகளிலிருந்து புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில், கண் நீர் அழுத்த நோய் இருப்பதாகத் தெரிவிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: "எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்துவிட்டேனே, எனக்கு எதற்கு வாழ்நாள் முழுவதும் சொட்டு மருந்து?" இது நியாயமான கேள்வியே. கிளாக்கோமா என்றும் அழைக்கப்படும் இந்நோய் விழித்திரையில் எந்தச் செல்களைத் தாக்குகிறது, எவற்றை விட்டுவைக்கிறது என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

விழித்திரையின் அமைப்பு

விழித்திரை என்பது கண்ணின் உட்புறப் பின்சுவரில் படிந்துள்ள மெல்லிய நரம்புத் திசு ஆகும். அதில் செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. வெளியடுக்கிலுள்ள குச்சி செல்களும் கூம்பு செல்களும் ஒளியை உணர்கின்றன. ஒரு கண்ணில் குச்சி செல்கள் ஏறத்தாழ 12 கோடி, கூம்பு செல்கள் ஏறத்தாழ 60 லட்சம் உள்ளன. இவை அனுப்பும் குறிப்புகளை நடுவடுக்கிலுள்ள இருமுனை செல்கள் பெற்று, உள்ளடுக்கிலுள்ள கேங்கிலியான் செல்களிடம் சேர்க்கின்றன. கேங்கிலியான் செல்களோ ஏறத்தாழ 10 லட்சம் மட்டுமே. ஒவ்வொன்றிலிருந்தும் ஆக்சான் எனப்படும் நீண்ட நரம்பிழை ஒன்று புறப்படுகிறது. இவ்விழைகள் யாவும் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளையை நோக்கிச் செல்கின்றன. பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட செல்கள் திரட்டும் செய்தி முழுவதும் இந்தப் பத்து லட்சம் இழைகளின் வழியாகவே மூளையை அடைய வேண்டும். வேறு பாதை இல்லை.

பாதிப்பு தொடங்கும் இடம்

பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் சல்லடை போன்ற தகடு ஒன்று உள்ளது. அதன் துளைகளின் வழியே நரம்பிழைகள் கற்றை கற்றையாக வெளியேறுகின்றன. கண்ணினுள் சுரக்கும் நீர் சரிவர வடியாமல் அழுத்தம் உயரும்போது, இத்தகடு பின்னோக்கி வளைந்து, துளைகள் உருக்குலைந்து, இழைகள் நெரிக்கப்படுகின்றன. அவ்விடத்தில் இரத்த ஓட்டமும் குறைகிறது. நரம்பிழை செய்தியை மட்டும் கடத்துவதில்லை. செல் உயிர்வாழத் தேவையான வளர்ச்சிக் காரணிகள் மூளையிலிருந்து கண்ணுக்கு வந்து சேர்வதும் அதன் வழியாகவே. அப்போக்குவரத்து தடைபட்டால் கேங்கிலியான் செல் நலிவடைகிறது. முதலில் அதன் கிளைகள் சுருங்கி, இருமுனை செல்களுடனான தொடர்பு அறுகிறது. பின்னர் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. நலிந்திருந்தும் இன்னும் மடியாத செல்களைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

சல்லடைத் தகட்டின் மேற்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் துளைகள் பெரியவை, தாங்குதிசு குறைவு. ஆகவே அங்குச் செல்லும் இழைகள் பெரும்பாலும் முதலில் சேதமடைகின்றன. பகல், இரவு வேறுபாட்டை உடலுக்கு உணர்த்தும் தனிவகைக் கேங்கிலியான் செல்களும் உண்டு. அவையும் பாதிக்கப்படலாம் என்பதால், நோயாளிகளின் உறக்கக் குறைபாட்டுடன் இதற்குள்ள தொடர்பு ஆராயப்பட்டு வருகிறது.

நோய் முற்றிய நிலையிலும் குச்சி செல்கள், கூம்பு செல்கள், இருமுனை செல்கள் ஆகியவை பெருமளவு பிழைத்திருக்கின்றன. ஒளி உணரப்படுகிறது, ஆனால் அச்செய்தி மூளையைச் சென்றடைவதில்லை. விழித்திரையைத் தாங்கிப் பேணும் முல்லர் செல்கள், நட்சத்திர வடிவ செல்கள், நுண்கிளியா செல்கள் ஆகியவை தொடக்கத்தில் சேதத்தைச் சீர்செய்ய முயல்கின்றன. நெருக்கடி நீடிக்கும்போது அவற்றின் எதிர்வினையே அழற்சியை ஏற்படுத்தி எஞ்சிய செல்களுக்கும் தீங்காகிறது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கண்ணில் கடும் வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையங்கள் ஆகியவற்றுடன் அழுத்தம் திடீரென உயரும் வகையில், குருதியோட்டம் தடைபட்டு விழித்திரையின் பிற அடுக்குகளும் சேதமடையக்கூடும். இதை ஒற்றைத் தலைவலி எனக் கருதி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருத்தல் கூடாது. அன்றே கண் மருத்துவரை அணுக வேண்டும்.

ஏன் தெரிவதில்லை?

எழுத்துப் பலகை நடுப்பார்வையை மட்டுமே சோதிக்கிறது. நடுப்பார்வைக்குரிய கேங்கிலியான் செல்கள் அடர்த்தியாக உள்ளதால், பொதுவாக அப்பார்வை இறுதிவரை நிலைத்திருக்கிறது. ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்கிறது. மீதி இடைவெளியை மூளையே இட்டு நிரப்புகிறது. எனவே நோயாளிக்குக் கரும்புள்ளி எதுவும் தோன்றுவதில்லை. பார்வைப் புலப் பரிசோதனையில் குறை தெளிவாக வெளிப்படுவதற்குள் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான கேங்கிலியான் செல்கள் அழிந்திருக்கக்கூடும். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கையில் பக்கவாட்டில் வரும் இருசக்கர வாகனத்தைக் கவனியாமல் விடுவதும், படியிறங்குகையில் கால் தடுமாறுவதும் பல குடும்பங்களில் "வயதாகிவிட்டது" என்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-களின் தொடக்கத்தில், சென்னை மாநகரிலும் அன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலும் 40 வயதைக் கடந்தோரைப் பரிசோதித்தனர். வலியின்றி மெல்ல வளரும் திறந்த கோண வகை, கிராமப்புறத்தில் 1.62 விழுக்காட்டினருக்கும் நகர்ப்புறத்தில் 3.51 விழுக்காட்டினருக்கும் இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. அப்போது பீர்க்கன்கரணையும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. கண் அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நோய் காணப்பட்டவர்கள் கணிசமானோர். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நோய் இல்லை என முடிவு செய்ய இயலாது. பார்வை நரம்பையும் பார்த்தாக வேண்டும். நரம்பிழை அடுக்கின் தடிமனை அளக்கும் ஓ.சி.டி. பரிசோதனை இதற்குத் துணைபுரிகிறது.

சிகிச்சையும் அதன் எல்லையும்

கண்புரையில் மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தினால் பார்வை திரும்புகிறது. மடிந்த கேங்கிலியான் செல்லோ மீண்டும் வளர்வதில்லை. கண்ணாடி மாற்றுவதாலும் பயனில்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் கண் அழுத்தத்தைக் குறைத்து எஞ்சியுள்ள செல்களைக் காக்கின்றன. மருந்து விட்டும் பார்வை கூடவில்லை என்று பலர் நிறுத்திவிடுகின்றனர். பார்வை கூடாதது மருந்தின் தோல்வி அன்று. மேலும் குறையாதிருப்பதே அதன் பயன்.

கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் பயன்படுத்தும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து, கண் அழுத்தத்தை உயர்த்தி இதே சேதத்தை உண்டாக்கக்கூடும். இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் உள்ளவர்களும், 40 வயதைக் கடந்தவர்களும் பார்வை நன்றாக இருப்பினும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவை அணுகலாம். மேல்சிகிச்சைக்கு, 1819-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உள்ளது. பெருங்களத்தூரிலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கலாம். பயன்படுத்திவரும் சொட்டு மருந்துக் குப்பிகளையும் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லவும்.