கடையில் கிடந்த பணம்

மாலை மணி ஏழு. கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரிக் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடை. அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒருவரின் காலடியில் மடித்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் சில கிடக்கின்றன. முன்னும் பின்னும் பார்க்கிறார், எவரும் கவனிக்கவில்லை. பிழைப்பை நாடித் தமிழகத்திலிருந்து அங்குச் சென்ற அவருக்கு வீட்டு வாடகை கொடுக்கவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அவர் செய்யத்தக்கது யாது? இது கற்பனையே ஆயினும், அன்பர்களே, எந்த ஊரிலும் நம்மில் எவருக்கும் நேரக்கூடியதே.

“கடைக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்” என்பர் சிலர். “அவரே அதை வைத்துக்கொள்ளமாட்டார் என்பது என்ன நிச்சயம்? செல்வரின் கல்லாப் பெட்டியில் சேர்வதைவிட ஏழையின் கையில் சேர்வது மேலன்றோ?” என்பர் வேறு சிலர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. எனினும் இதில் ஒரு குறை உண்டு. இது கண்டெடுத்தவரையும் கடைக்காரரையும் மட்டுமே எண்ணுகிறது; பணத்தைத் தவறவிட்டவரை அறவே மறந்துவிடுகிறது. அவர் முதலாளி அனுப்பிய கடைப்பையனாக இருக்கலாம். தொலைந்த தொகை அவனுடைய சம்பளத்தில் பிடிக்கப்படலாம். மருந்து வாங்கப் புறப்பட்ட மூதாட்டியாகவும் இருக்கலாம்.

மற்றப் பொருள்களுக்கு இல்லாத ஓர் இயல்பு பணத்திற்கு உண்டு. அதில் உடையவரின் பெயர் இராது. மட்டாஞ்சேரிக்கு அருகே, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் ஒரு பொதுச் சலவைத்துறை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்து வருகின்றன. சலவைக்கு வந்த சட்டைப்பையில் பணம் அகப்பட்டால், அது யாருடையது என்பதைத் துணியில் இட்ட குறியே சொல்லிவிடும். கடைத் தரையில் கிடக்கும் நோட்டுக்கு அத்தகைய குறி எதுவும் இல்லை. அது கிடந்த இடம் ஒன்றே அதன் முகவரி. தொலைத்தவர் பதைபதைத்துத் தாம் சென்ற வழியே திரும்பி வரும்போது, முதலில் அக்கடைப் படியில்தான் ஏறுவார். பணத்தை எடுத்துக்கொண்டு நாம் போய்விடின், அந்த ஒரே முகவரியையும் அழித்துவிட்டவர்கள் ஆகிறோம்.

சட்டமும் இந்த நோக்கையே கொண்டுள்ளது. பெருவழியில் ஒரு ரூபாயைக் கண்டு, உடையவர் இன்னார் என அறியாமல் எடுப்பவன் குற்றவாளி அல்லன் என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் உதாரணம் காட்டியது. ஆனால் உடையவரை அறிந்திருந்தும், அல்லது அறிய வழியிருந்தும், தக்க முயற்சி செய்யாமலும் நியாயமான காலம் காத்திராமலும் பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்றும் அது விதித்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 314ஆம் பிரிவும் இவ்விதியையே கூறுகிறது. தண்டனை ஆறு மாதத்திற்குக் குறையாத, ஈராண்டு வரையிலான சிறை, அபராதமும் உண்டு. பெருவழியில் கேட்டறிய ஆளில்லை. கடையிலோ கடைக்காரர் இருக்கிறார்; சற்றுமுன் வந்து சென்றவர்களை அவர் அறிவார்; பல கடைகளில் கண்காணிப்புக் கேமராவும் இருக்கிறது. ஆகவே, “யாருடையது என்று தெரியவில்லை” என்னும் சமாதானம் கடைக்குள் எளிதில் செல்லாது.

உடையவர் வரவே இல்லையெனில் பணம் யாரைச் சேரும்? இங்கிலாந்தில் 1851இல் தீர்ப்பான பிரிட்ஜஸ் எதிர் ஹாக்ஸ்வொர்த் வழக்கு புகழ்பெற்றது. ஒரு கடையின் தரையில் கிடந்த நோட்டுப் பொட்டலத்தை அங்கு வந்த விற்பனைப் பிரதிநிதி கண்டெடுத்து, உரியவரிடம் சேர்க்கும்படி கடைக்காரரிடம் ஒப்படைத்தார். விளம்பரம் செய்தும் மூன்றாண்டுகள் எவரும் வரவில்லை. கடைக்காரரைவிடக் கண்டெடுத்தவருக்கே உரிமை மிகுதி என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1866இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த வழக்கில் முடிவு வேறாயிற்று. முடிதிருத்தும் நிலையத்தின் மேசைமேல் ஒருவர் வைத்து மறந்த பணப்பையை, அதைக் கண்டவருக்கு அளிக்காமல், கடைக்காரரிடமே இருக்கச் செய்தனர். மேசைமேல் வைத்தவர் நினைவு வந்து திரும்பி வருவார். அப்போது அவருக்காக அதைக் காத்திருப்பது கடைக்காரரின் கடமை என்பது காரணம். தீர்ப்புகள் மாறுபடினும், உடையவர் திரும்பி வந்தால் அவர் உரிமையே முதன்மையானது என்பதில் மாறுபாடு இல்லை.

நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்திருப்பவனுக்கு அடைக்கலப் பொருளைக் காப்பவனின் பொறுப்பை அளிக்கிறது. தான் பட்ட சிரமத்திற்குக் கூலி கேட்டு அவன் வழக்காட முடியாது. உடையவர் வெகுமதி இவ்வளவு என்று அறிவித்திருந்தால் அதைக் கோரலாம்.

அயல் மாநிலத்தில் வாழும் நம்மவருக்கு இதில் ஓர் அச்சமும் உண்டு. மொழி சரியாகத் தெரியாது, “நீயே எடுத்தாயோ?” என்று ஐயுறுவார்களோ என்னும் தயக்கம் எழும். அதற்கும் வழி உண்டு. பணத்தைக் கடைக்காரர் எதிரிலேயே, வேறொருவர் சாட்சியாக நிற்க, எண்ணுங்கள். தொகையையும் நாளையும் நேரத்தையும் உங்கள் பெயரையும் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு, எந்தெந்த நோட்டு என்பதை வெளியில் சொல்லாதீர்கள். உண்மையாகத் தொலைத்தவரை அடையாளம் காண அதுவே சோதனை. தொகை பெரிதாயினும், கடைக்காரர்மீது நம்பிக்கை இல்லையாயினும், மொழி அறிந்த நண்பர் ஒருவரை உடனழைத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து இரசீது பெறுங்கள். பணம் கிடைத்த செய்தியை மட்டும் கடையில் சொல்லி வையுங்கள். கடைக்காரரை நம்பலாமா என்னும் கேள்விக்கு இதுவே விடை.

எர்ணாகுளம் மாவட்டத்து ஆலுவா அருகே 2021 மார்ச்சில் நிகழ்ந்தது ஒன்று. லாட்டரிச் சீட்டு விற்கும் அம்மையார் ஒருவரிடம், வாடிக்கைக்காரர் தொலைபேசியில் ஒரு சீட்டைத் தமக்கென எடுத்து வைக்கச் சொன்னார். விலையான இருநூறு ரூபாயைப் பின்னர்த் தருவதாக ஏற்பாடு. அச்சீட்டுக்கே ஆறு கோடி ரூபாய் முதற்பரிசு விழுந்தது. சீட்டு அம்மையாரின் கையில், விலையும் வந்துசேரவில்லை. அவரோ இருநூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டு சீட்டை உரியவரிடமே கொடுத்துவிட்டார். அது தொலைந்த பணம் அன்று என்பது உண்மையே. ஆயினும் கையில் இருப்பது வேறு, தனக்கு உரியது வேறு என்னும் தெளிவு இரண்டிற்கும் பொது.

தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. வள்ளுவரும் கள்ளாமை அதிகாரத்தில் கையின் செயலோடு நில்லாமல் உள்ளத்தின் எண்ணத்தையும் கண்டிக்கிறார். அந்த மரபை ஊர்விட்டு ஊர் சென்றோர் உடன்கொண்டு செல்லச் சுமைகூலி எதுவும் இல்லை. மட்டாஞ்சேரிக் கடையில் நின்ற நம் நண்பர் பணத்தை ஒப்படைத்து வீடு திரும்புகிறார். வாடகைக் கவலை அவரை விட்டு அகலவில்லை. ஆயினும் இன்னொரு வீட்டின் வாடகைப் பணத்தால் அவர் அதைத் தீர்த்துக்கொள்ளவில்லை.