புதிய பெட்டியும் பழைய கம்பியும்

சென்ற ஆண்டு நம் இல்லத்திற்கு 43 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றை வாங்கினோம். கடையில் அதன் திரையில் மயிலொன்று தோகை விரித்தது. இறகு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம் போலிருந்தது. வீட்டில் கேபிளை இணைத்தபின்னரோ, செய்தி வாசிப்பவரின் முகம் பூசணிக்காய்போல் அகன்று, கண்ணிமைகள் கரைந்து நின்றன. "பழைய பெட்டியே மேல்" என்றார் மாமனார். மறுக்க நம்மால் இயலவில்லை.

பிழை பெட்டியினதன்று, அதற்கு நாம் அளித்த உணவே குறைவு. சாதாரண அலைவரிசையின் படத்தில் 576 வரிகளே உண்டு. வரிக்கு 720 புள்ளிகள் என்றால் ஏறத்தாழ 4 இலட்சம் புள்ளிகள். எச்.டி. படத்திலோ 1080 வரிகள், வரிக்கு 1920 புள்ளிகள், ஐந்து மடங்கு. 4 இலட்சத்தை 20 இலட்சமாகப் பரப்பும்போது இல்லாதவற்றைப் பெட்டியே இட்டு நிரப்புகிறது. கடைக்காரர் காட்டிய மயிலோ கேபிளில் வந்ததன்று, பென்டிரைவில் இருந்தது!

ஆகவே கடைக்குச் செல்லுமுன் கேபிள்காரரிடம் வினவுவதே முறை. அவர் தருவது எச்.டி. செட்டாப் பெட்டிதானா? நாம் காணும் அலைவரிசைகளுக்கு எச்.டி. வடிவம் உண்டா, அதற்கு மாதக் கட்டணம் எவ்வளவு கூடும்? மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகளையுடைய பழைய கம்பி எச்.டி. படத்தைச் சுமக்காது, எச்.டி.எம்.ஐ. கம்பியே வேண்டும். நம் வீட்டில் இம்மூன்றுமே தவறியிருந்தன.

அளவைப் பொறுத்தவரை, கூடத்தை அளந்து பார்த்தல் நலம். எச்.டி. படமாயின் திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தொலைவும், சாதாரணப் படமாயின் ஆறு மடங்கும் விட்டு அமரலாம் என்பது பொதுக்கணக்கு. 43 அங்குலத் திரையின் உயரம் 21 அங்குலம். சாதாரணப் படத்தை அதில் காணப் பத்தரை அடி விலகவேண்டும். நம் கூடத்திலோ சுவருக்கும் நாற்காலிக்கும் இடையே எட்டடிதான். எச்.டி. கட்டணம் செலுத்த மனமில்லாத இல்லங்களுக்கு 32 அங்குலமே போதும். அவ்வளவில் 'எச்.டி. ரெடி' எனப்படும் 768 வரித் திரைக்கும் முழு எச்.டி.க்கும் எட்டடித் தொலைவில் பெரிய வேற்றுமை தெரியாது. 43 அங்குலத்திற்கு மேற்பட்டவற்றில் இன்று 4கே வகையே மிகுதி. கேபிளில் வரும் தமிழ் அலைவரிசைகளை மட்டும் பார்ப்போர் அதற்கெனக் கூடுதல் பணம் தருவது வீண் என்பதே நம் கருத்து.

பின்னர் எச்.டி. செட்டாப் பெட்டியும் புதிய கம்பியும் வந்தன. பழைய 4:3 படத்தை 16:9 திரையில் இழுத்துப் பரப்பும் அமைப்பையும் ரிமோட்டில் மாற்றினோம். அன்றிரவு செய்தியைக் கண்ட மாமனார், "பாவம், இவருக்கு ஏதேனும் நோயா? இப்படி இளைத்துவிட்டாரே!" என்றார்.