படகுக்குள்ளே ஒரு பம்பரம்

"மதுரைக்காரிக்கும் கடலுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நமக்குத் தெரிந்த பெரிய மிதவை, தைப்பூசத்தை ஒட்டி வண்டியூர் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சுந்தரேசுவரரும் ஏறி வலம் வருகிற தெப்பம். அதற்குத் திசைகாட்டியும் வேண்டாம், எஞ்சினும் வேண்டாம். கரையிலே நிற்கிற சனங்கள் வடம் பிடித்து இழுத்தால் போதும்.

ஆனால் 'தாரிணி' என்ற பாய்மரப் படகைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குக் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. கோவாவில் கட்டப்பட்டு 2017-இல் நம் கடற்படையில் சேர்ந்த படகு. நீளம் 56 அடி. நம்ம டவுன் பஸ் ஒன்றரை அளவுதான்! அதே வருடம் செப்டம்பர் 10-ஆம் தேதி ஆறு பெண் அதிகாரிகள் அதில் ஏறி, உலகத்தையே சுற்றிவிட்டு 2018 மே 21-இல் திரும்பினார்கள். அதையும் மிஞ்சினாற்போல, 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டே இரண்டு பெண்கள் கிளம்பினார்கள். கோழிக்கோட்டுப் பெண் டில்னா, புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி. 238 நாட்கள் கழித்து, 2025 மே 29-இல் கோவாவில் வந்து இறங்கினார்கள்.

இரண்டு பேர் என்றால் ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி விழித்திருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது பழகின விஷயம். ஆனால் விழித்திருப்பவளே பாயை இறக்க வேண்டும், சமைக்க வேண்டும், அலையையும் கவனிக்க வேண்டும். அப்போது சுக்கானை யார் பிடிப்பது? அதற்குத்தான் 'ஆட்டோ பைலட்' என்கிற கருவி. போக வேண்டிய திசையைச் சொல்லிவிட்டால், படகு விலகுகிறபோதெல்லாம் அதுவே திருப்பிக்கொள்ளும். ஆனால் அது கரண்டைத் தின்னும். அதனால் தாரிணியில் காற்றாலேயே இயங்கும் சுக்கான் ஒன்றும் அவசரத்துக்கு வைத்திருக்கிறார்கள். சின்னத் துடுப்பு மாதிரி ஒரு தகடு காற்றின் போக்கைப் பார்த்துச் சுக்கானை அசைக்கும். மின்சாரமே வேண்டாம். கிரைண்டர் இருக்கிற வீட்டில் ஆட்டுக்கல்லையும் விற்காமல் வைத்திருக்கிற மாமியார் புத்தி!

இருட்டில் எதிரே கப்பல் வந்தால்? பெரிய கப்பல்கள் எல்லாம் தம் பெயர், இடம், வேகம் மூன்றையும் ரேடியோவில் தாமாகவே அறிவித்துக்கொண்டே வரும். அதைப் படகுத் திரையில் பார்க்கலாம். அறிவிக்காமல் வருகிறவற்றை ரேடார் காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய நெடும்பயணப் படகுகளில் குடிநீருக்கு நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரியே ஒன்றைப் பொருத்துகிறார்கள். ஆனால் கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதைப் பிரிக்க நம் வீட்டு மெஷினைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். போர் தண்ணீரின் உப்புக்கே நாம் அலுத்துக்கொள்கிறோம்!

கோடீஸ்வரர்களின் உல்லாசப் படகுகளில் நடக்கும் கூத்தே வேறு. பாம்பனில் ஒருமுறை படகேறி நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், குடல் வாய்க்கு வந்துவிட்டது. அவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய பெட்டிக்குள் கனமான இரும்புச் சக்கரம் ஒன்றை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலவிடுகிறார்கள். பம்பரம் சுற்றும்வரை சாயாது அல்லவா, அந்தச் சூட்சுமம்தான். படகு ஒருபுறம் சாயப் பார்த்தால் சக்கரம் எதிர்த்து நிற்கும். காபி டம்ளர் தளும்பாது. இன்னும் சில படகுகளுக்கு நங்கூரமே வேண்டாம். செயற்கைக்கோளைப் பார்த்து, எஞ்சினை இப்படியும் அப்படியும் இயக்கி, நின்ற இடத்திலேயே நிற்கும். தெப்பக்குளத்து மைய மண்டபம் மாதிரி!

இத்தனை இருந்தும் என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் 19 விடியற்காலை, இத்தாலியின் சிசிலித் தீவுக்கு அருகே 'பேயேசியன்' என்ற உல்லாசப் படகு நங்கூரமிட்டு நின்றது. 56 மீட்டர் நீளம், சுமார் 72 மீட்டர் உயரக் கொடிமரம். சூறைக்காற்று ஒன்று அடித்தது. அவ்வளவுதான், சாய்ந்து மூழ்கிவிட்டது. இருந்த 22 பேரில் 7 பேர் போய்விட்டார்கள். ஒரு வயதுக் குழந்தையை அலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே ஒரு தாய் பிழைத்தாள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய்களை இறக்கியிருந்த நிலையில், பக்கவாட்டில் மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் படகு கவிழ்ந்துவிடும் என்று 2025-இல் பிரிட்டிஷ் விசாரணையின் இடைக்கால அறிக்கை சொன்னது. படகில் வைத்திருந்த கையேட்டில் அந்தக் கணக்கு இல்லை. முதலாளிக்கும் தெரியாது, மாலுமிகளுக்கும் தெரியாது.

நம்ம கடற்கரையில் கதை நேர்மாறு. அங்கே கருவியே இல்லாமல் போனதுதான் துக்கம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் வெகுதூரத்தில் இருந்தார்கள். கரையிலிருந்து பேசும் வி.எச்.எப். ரேடியோ அத்தனை தூரம் எட்டாது. புயல் வருகிற செய்தி பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இஸ்ரோ உருவாக்கிய 'டிரான்ஸ்பாண்டர்' கருவியை, ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்துவதற்காக 364 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. படகுக்காரர்களுக்கு இலவசம். செயற்கைக்கோள் வழியாகப் பேசுவதால் தூரம் ஒரு பொருட்டில்லை. கரையிலிருந்து புயல் எச்சரிக்கை போகும், படகிலிருந்து 'ஆபத்து' என்று பதிலும் வரும். செல்போனோடு இணைத்துத் தாய்மொழியிலேயே படிக்கலாம். கடல் எல்லையை நெருங்கினாலும் எச்சரிக்கும். இராமேசுவரத்துப் பெண்களுக்கு இதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லை தாண்டினார்கள் என்று புருஷனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், மாதக்கணக்கில் அடுப்பு எரியாத வீடுகள் அங்கே எத்தனையோ. பணக்காரர் படகின் பம்பரத்தைவிட இந்தச் சின்னப் பெட்டி எனக்குப் பெரிதாகப்படுகிறது.

பெரிய படகுகளில் 'பீக்கன்' என்று இன்னொன்று உண்டு. படகு மூழ்கினால் தானாகவே மேலே மிதந்து வந்து செயற்கைக்கோளுக்குக் குரல் கொடுக்கும். பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையம் அதைக் கேட்டுக் கடலோரக் காவல் படைக்குச் சொல்லும். இந்தக் கருவியைப் பதிவு செய்யும்போது கரையிலுள்ள உறவினர் போன் நம்பரையும் கொடுக்க வேண்டும். தவறி அழுத்தியதா, நிஜமான ஆபத்தா என்று விசாரிக்க அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள், வீட்டுக்காரர் பழைய நம்பரைக் கொடுத்திருக்கிறாரா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால், கடலோரக் காவல் படையின் கட்டணமில்லா எண் 1554. காலண்டர் ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.