உஷார்! ஆறு மாதத்தில் ‘நேர்ஸ்’ ஆக்குகிறார்களாம்

“தாதியர் டிப்ளோமா, ஆறே மாதம். வயதெல்லை இல்லை. சாதாரண தரம் போதும். வெளிநாட்டு வேலை நூறு வீதம் உறுதி.” இந்த நாலு வரியும் ஒரே விளம்பரத்தில் சேர்ந்து உங்கள் வட்ஸ்அப்புக்கு வந்தால், முதலில் காசைப் பத்திரப்படுத்துங்கள். மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம்.

இந்த வலை விரிக்கப்படுவது பாடசாலையை விட்டு நேரே வரும் பிள்ளைகளுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். தெமட்டகொடை அடுக்குமாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தை வாடகை வீடுகளிலும் முப்பது, நாற்பது வயதில் “இனியாவது எனக்கென்று ஒரு தொழில்” என்று துணியும் அக்காமார்தான் இதில் சுலபமாக விழுகிறார்கள். கையில் இருப்பது அடகு வைத்த சங்கிலிக் காசு அல்லது சீட்டு எடுத்த காசு. அது போனால் இரண்டாம் தடவை படிக்க வீட்டில் ஒருவரும் காசு தரமாட்டார்கள். வயது வந்த மாணவர் தோற்பது பெரும்பாலும் பரீட்சை மண்டபத்தில் இல்லை. விசாரிக்காமல் முற்பணம் கட்டும் மேசையிலேயே தோற்றுவிடுகிறார்.

தாதி வேறு, பராமரிப்பாளர் வேறு

இலங்கையில் தாதியாகப் பணிபுரிய இலங்கைத் தாதியர் சபையில் பதிய வேண்டும். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. அரச தாதியர் பயிற்சிப் பாடசாலைகளுக்கு வர்த்தமானி அறிவித்தல் மூலமே ஆட்களை எடுப்பார்கள். உயர்தரச் சித்தி வேண்டும், பயிற்சி மூன்று வருடம், விண்ணப்பிக்க வயதெல்லையும் உண்டு. மூன்று வருட வேலையை ஆறு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்பவர் உங்களைத் தாதி ஆக்கப் போவதில்லை.

அவர் தரக்கூடியது, அதுவும் ஒழுங்காகத் தந்தால், பராமரிப்பாளர் அல்லது தாதி உதவியாளர் பயிற்சி. அது கேவலமான வேலை இல்லை. முதியோர் இல்லங்களிலும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் வீட்டு நோயாளிகளுக்கும் ஆள் தேவைப்படுகிறது. ஆனால் அந்தப் படிப்பை அதன் பெயரிலேயே, அதற்குரிய விலைக்கே வாங்குங்கள். ‘தாதியர்’ என்ற சொல்லைப் போட்டுக் கட்டணத்தை ஏற்றுகிறார்கள் என்றால், “உங்கள் தகைமையைத் தாதியர் சபை பதிவுக்கு ஏற்குமா? எழுத்தில் தாருங்கள்” என்று கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறுவனத்துக்குப் பதிவு உண்டு, பாடநெறிக்கு?

பலர் ஏமாறும் இடம் இதுதான். தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. வரவேற்பறைச் சுவரில் அந்தப் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். பார்த்தவுடன் நம்பிவிடுகிறோம். ஆனால் நிறுவனத்தின் பதிவு ஒன்று, பாடநெறிக்கான தர அங்கீகாரம் இன்னொன்று. கணினி வகுப்புக்கு அங்கீகாரம் பெற்ற இடம், அதே பெயர்ப்பலகையின் கீழ் அங்கீகாரமில்லாத பராமரிப்பு வகுப்பையும் நடத்தலாம். அந்த வகுப்பை முடித்தால் கிடைப்பது நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ். தேசிய தொழிற்தகைமை, அதாவது என்விகியூ, கிடைக்காது.

என்விகியூ ஏழு மட்டங்கள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். உங்கள் பாடநெறி எந்த மட்டம் என்று கேளுங்கள். ‘சர்வதேசத் தரம்’ என்பது அதற்குப் பதிலாகாது.

ஏற்கெனவே முதியோர் இல்லத்திலோ வீடுகளிலோ நோயாளி பார்த்துப் பல வருடம் பழகியவரா நீங்கள்? அப்படியானால் முழுப் பாடநெறிக்குக் காசு கட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ வழங்கும் வழி ஒன்று உண்டு. நைட்டா என்று நாம் சொல்லும் தொழில் பயிலுநர் அதிகார சபையில் அதை விசாரியுங்கள். விளம்பரக்காரர் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்.

‘லண்டன் வேலை’ என்றால் இரட்டை உஷார்

2025 ஜூலை 22 முதல் பிரித்தானியா பராமரிப்புப் பணியாளர் விசாவில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது. 2024 மார்ச்சிலேயே அந்த விசாவில் குடும்பத்தை அழைத்துப் போக முடியாமல் செய்துவிட்டார்கள். இதற்குப் பிறகும் “பாடநெறி முடித்தால் லண்டனில் கெயார் வேலை” என்று ஒருவர் சொன்னால், மூடிய கதவுக்கு உங்களிடம் டிக்கெட் விற்கிறார்.

ஜப்பான் கதை வேறு. 2019இல் செய்த உடன்படிக்கையின்படி இலங்கையர் அங்கே பராமரிப்பு வேலைக்குப் போகலாம். ஆனால் அதற்குக் கேட்பது ஜப்பானிய மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும். உள்ளூர் டிப்ளோமா எதுவும் அந்தப் பரீட்சைகளுக்கு ஈடாகாது.

எந்த நாடாக இருந்தாலும், முகவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்கிறதா என்று 1989ஐ அழைத்துக் கேளுங்கள். “விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றலாம்” என்றால் பேச்சை அத்தோடு முடியுங்கள்.

அமெரிக்காவிலும் தாதியர் சான்றிதழை விலைக்கு விற்கும் கூத்து நடந்திருக்கிறது. 2023 ஜனவரியில் புளோரிடாவில் சில தாதியர் பாடசாலைகளின் பெயரில் 7,600க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்கப்பட்டது அம்பலமாகி 25 பேர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. ஒரு சான்றிதழின் விலை பல ஆயிரம் டொலர். வாங்கியவர்களில் பலர் உரிமம் பறிபோய் நின்றார்கள். அதே பாடசாலைகளில் உண்மையாகப் படித்ததாகச் சொன்னவர்களும் சந்தேகத்தில் மாட்டிக்கொண்டார்கள். நிறுவனத்தின் பெயர் கெட்டால் அதில் படித்தவரின் பெயரும் கெடும்.

நல்ல இடத்தில் சேர்ந்த பின்பும் கவனம்

சாதாரண தரத்துக்குப் படித்த பழக்கத்தில் நோட்ஸைப் பாடமாக்கினால் போதாது. என்விகியூ மதிப்பீட்டில் நீங்கள் செய்து காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஆகவே வாட்டுப் பயிற்சியை விட்டால் எல்லாம் போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளில் யார் பார்ப்பது என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடியுங்கள்.

அடுத்தது கணக்கு. 125 மில்லிகிராம் 5 மில்லிலீற்றரில் இருக்கும் பாணி மருந்தில் 250 மில்லிகிராம் கொடுக்க எவ்வளவு வேண்டும்? 10 மில்லிலீற்றர். இதற்கே தடுமாறினால் வெட்கப்படாமல் உங்கள் பிள்ளையின் எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுங்கள். தசமப் புள்ளி ஒன்று தவறினால் மருந்து பத்து மடங்காகிவிடும்.

மூன்றாவது விஷயம், மொழி. கொழும்பு வாட்டில் நோயாளி பெரும்பாலும் சிங்களத்தில் வலியைச் சொல்வார், மருந்துத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். நாளுக்கு இருமுறை ‘பீடீ’, மும்முறை ‘டீடீஎஸ்’ போன்ற குறியீடுகளை முதல் வாரமே பழகுங்கள். வாட்டுக்குப் போகுமுன் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வழமையாக மூன்று ஊசி, முடிய ஆறு மாதம்.

காசு கொடுக்குமுன்

1. பாடநெறியின் அங்கீகார இலக்கமும் என்விகியூ மட்டமும் எழுத்தில் வேண்டும்.
2. வாட்டுப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மணித்தியாலம் என்பதும் எழுத்தில் வேண்டும்.
3. இடையில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று கேளுங்கள்.
4. முத்திரையிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு தவணையும் கட்ட வேண்டாம்.
5. மூலச் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டையும் ஒருவரிடமும் விட்டுவர வேண்டாம். போட்டோ கொப்பி போதும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? பற்றுச்சீட்டு, விளம்பரம், வட்ஸ்அப் செய்தி ஒன்றையும் அழிக்க வேண்டாம். தொழிற்கல்வி ஆணைக்குழுவில் முறையிடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கும் அழைக்கலாம். வெளிநாட்டு வேலை என்று காசு வாங்கியிருந்தால் 1989.

இன்னும் கட்டவில்லை என்றால் வேலை சுலபம். தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் பொரளையைத் தாண்டினால் நாரஹேன்பிட்டி. அங்கே எல்விட்டிகல மாவத்தை 354/2, ‘நிபுணதா பியச’ கட்டடத்தில் தொழிற்கல்வி ஆணைக்குழு இருக்கிறது. விளம்பரத்தைக் காட்டி, “இந்த இடத்துக்கு இந்தப் பாடநெறி நடத்த அங்கீகாரம் இருக்கிறதா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை, “இடம் நிரம்புகிறது, இன்றே கட்டுங்கள்” என்று எத்தனை தரம் போன் வந்தாலும் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.