கறுத்த மண்ணும் கடவுட் கொள்கையும்

நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியிலே சீத்தா எலியா அம்மன் கோயில் இருக்கின்றது. அதற்கு அணித்தே, சிங்கோனாப் பயிரின் பொருட்டு 1861ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தாவரவியற் பூங்கா இருக்கின்றது. சமயமும் விஞ்ஞானமும் அங்கே அயலவராய் வாழ்கின்றன. தோட்டங்களிலிருந்து கல்விகற்க வரும் நம் மாணாக்கரின் உள்ளத்திலும் இவ்விரண்டும் அவ்வாறே இணங்கி வாழ்கின்றனவா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

கோயிற் சூழலிலுள்ள மண் கறுத்திருப்பது அனுமன் இட்ட தீயினால் என்பர் நம் முதியோர். மண்ணியலார் கூறுவது வேறு. குளிரும் ஈரமும் மிக்க உயர்நிலத்திலே இலையும் புல்வேரும் விரைவில் உக்குவதில்லை. அவை ஆண்டாண்டாய்ச் சேர்வதனால் மேல்மண் கறுக்கின்றது என்பர். நம் தேயிலைச் சரிவுகளின் அடியிலுள்ள பாறைகளோ, நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உருமாறியவை என்பது புவிச்சரிதவியலார் துணிபு.

இதனால் மாணாக்கன் பரீட்சைத்தாளில் ஒரு விடையும், பாட்டியிடம் மற்றொரு விடையும் கூறப் பழகுகின்றான். நாளடைவிலே பாட்டியை எள்ளுகின்றான். அன்றேல் பாடத்தை நம்பாமலே மனனஞ் செய்கின்றான். இரண்டும் கேடே.

கறுத்த மண்ணிலா நம் பத்தி தங்கியுள்ளது? அனுமன் மூட்டிய தீ பிராட்டியை அணுகவில்லை என்றே இராமகாதை கூறுகின்றது. சிறையிலும் தளராத உள்ளத்தின் உறுதியே அக்கதை நமக்கு உணர்த்தும் பொருள். கடல்கடந்து வந்து, உரிமை நிலமின்றி, லயன் அறைகளில் வாழ்ந்த நம் முன்னோர் அப்பிராட்டியிடம் ஆறுதல் கண்டனர் எனின் வியப்பில்லை. அவ்வுண்மையை அளத்தற்கு நுணுக்குக்காட்டி உதவாது.

இனி, உயிர்களின் தோற்றம் பற்றிய வழக்கை நோக்குவோம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே, காட்சியே அளவை என்னும் உலகாயதர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். மாற்றார் கூற்றை முழுதுங் கேளாது மறுத்தல் சைவ மரபன்று. மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் பொதுவான மூதாதையர் இருந்தனர் என்பதே கூர்ப்புக் கொள்கை. அதனைக் கல்லாமலே, 'மந்தியா மனிதனைப் பெற்றது?' என நகையாடுவது அம்மரபுக்குப் புறம்பாகும்.

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகுக்கு அவை முறையே மாயை, சத்தி, இறைவன் என்பது சித்தாந்தம். விஞ்ஞானம் மண் குடமாகும் முறையை ஆராய்கின்றது. அம்முறையை மறுக்கவேண்டிய தேவை சைவனுக்கு இல்லை. முறை விளங்கியமையாற் குயவனே இல்லை என ஒருவர் கூறின், அஃது ஆய்வுகூடத்திற் பெற்ற முடிபன்று; அங்கே ஐயுறுதல் நமக்கு உரியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 1953இல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி மில்லர் சில வாயுக்களிலே மின்பொறியைச் செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றார். உயிரற்றவற்றிலிருந்து உயிர் தோன்றிய முழுவழியும் இன்னும் காட்டப்படவில்லை. 'இவ்விடைவெளியே இறைவன் இருக்குமிடம்' என வாதிடுவோர், நாளை அது நிரம்பிவிடின் இறைவனை எங்கே இருத்துவர்? அறியாமையின்மேற் கட்டிய கோயில் நிலைபெறாது.

இத்துறையில் நமக்கு வழிகாட்டத்தக்கவர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947). 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைக்குத் தலைவராயிருந்து பாறைகளை ஆராய்ந்த அவரே, பின்னர்ச் சிவநடனத்தின் உட்பொருளை மேனாட்டாருக்கு விளக்கியவர். ஒன்றன் சொல்லையும் எல்லையையும் மற்றது அறியாமையாலேயே பெரும்பாலும் சமயமும் விஞ்ஞானமும் பகைபோலத் தோன்றுகின்றன என்பது அவர் கருத்து.

ஆகவே ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் ஆகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மண் ஏன் கறுத்தது என மாணாக்கன் வினவின், உக்கலின் இயல்பை ஒளியாது உரைப்போமாக. 'பாட்டி சொன்னது பொய்யா?' என அவன் அடுத்து வினவும்போது வாளா இராது, பாட்டி ஏன் அக்கோயிலிற் கைகூப்புகின்றாள் என்பதையும் விளக்குவோமாக. முதல் வினாவுக்கு மட்டும் விடைதந்து அனுப்பப்படும் பிள்ளை, படித்தவனாய் வீடு திரும்புவான். ஆனால் வீட்டிலே அயலவனாய் இருப்பான்.